‘திடீர்’ பனிச்சரிவு என்று இனியும் எழுத வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையேறப் போனவர்கள் பனிச்சரிவில் சிக்கி இறந்த செய்தி வரும்போதெல்லாம் உங்கள் நாளிதழில் ‘திடீர்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திடீர் பனிச்சரிவு, திடீரென உருண்டு வந்த பனி, திடீர் சோகம். கூடவே ‘இயற்கையின் கோரத் தாண்டவம்’ என்று ஒரு வரி. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, எல்லாப் பத்திரிகையிலும் இதே கதைதான், தொலைக்காட்சியில் இன்னும் மோசம், பின்னணி இசையே போட்டுவிடுகிறார்கள். நான் விஞ்ஞானி இல்லை. பதினோரு வருடமாகப் பனிக்காலத்தில் மலைக்குப் போய் வருகிறவன், பனிச்சரிவுப் பயிற்சி இரண்டு முறை முடித்தவன், அவ்வளவுதான். அந்த அளவு அறிவுக்கே இந்த ‘திடீர்’ உறுத்துகிறது. பெரும்பாலான சாவுகளில் அந்தச் சரிவு பல நாளாகத் தயாராகி, அறிகுறியும் காட்டிவிட்டுத்தான் விழுந்திருக்கிறது. விளையாட்டுக்கும் உல்லாசத்துக்கும் போய்ச் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரேதான், அல்லது அவருடன் போன ஒருவர். ஆல்ப்ஸ் நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பனிச்சரிவு மையங்கள் இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

செத்தவர்கள் மேல் பழி போடுகிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அதே தப்பை நானும் செய்தேன், தப்பித்தேன், அதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் விவகாரம். நம் மொழியில் புல் நுனியில் நிற்பதும் பனி, விடியற்காலையில் மூக்கை அடைப்பதும் பனி, மலையில் ஆள் உயரத்துக்குக் குவிவதும் பனி. அதனால் செய்தி எழுதுகிறவர் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று ‘பனிப்பாறை சரிந்தது’ என்று போட்டுவிடுகிறார். பனிப்பாறை என்றால் கெட்டி ஐஸ். அது உடைந்து விழுவதும் உண்டு. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு ஐஸ் அருவியில் 16 நேபாளப் பணியாளர்களைக் கொன்றது அப்படி உடைந்த ஐஸ்தான். 2022 ஜூலையில் இத்தாலியின் மர்மோலாடாவில் 11 பேர் இறந்ததும் பனியாறு உடைந்துதான். அதையெல்லாம் முன்கூட்டிச் சொல்வது மிகவும் கடினம், அங்கே ‘திடீர்’ என்றால்கூட ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலையேறிகளையும் ஸ்கீ ஓட்டுகிறவர்களையும் அதிகம் கொல்வது அது இல்லை. பெய்து படிந்த பனி, ஒரு பலகைபோல மொத்தமாகக் கழன்று வருகிறதே, அது. பயிற்சியில் இதைப் பனிப்பலகை என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிக்கிறவருக்கு என்னதான் புரியும்?

பலகை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், விஷயமே இதில்தான் இருக்கிறது. மலையில் பனி ஒரே குவியலாக இருப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும், ஒவ்வொரு காற்றும், ஒவ்வொரு வெயிலும் ஓர் அடுக்கு. அதில் சில அடுக்குகள் ஒட்டவே ஒட்டாது. தரையை ஒட்டிய பனி கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும், மேலே காற்று மைனஸ் 15 அல்லது 20. இடையில் உள்ள பனி மெல்லியதாக இருந்தால் அந்தச் சிறிய தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். மீட்டருக்கு 10 டிகிரி இருந்தாலே போதும், கீழிருந்து நீராவி மேலே நகர்ந்து துகள்களைப் பட்டை பட்டையாக வளர்த்துவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் ஒழுகும், பிடித்தால் உருண்டையாக நிற்காது. ஆக, பனி குறைவாகப் பெய்த வருடம் பயமில்லை என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. மெல்லிய பனியும் கடும் குளிரும் சேர்ந்த வருடத்தில்தான் அடித்தளம் இற்றுப்போகிறது. இன்னொரு வகையும் உண்டு. மேகமில்லாத குளிர்ந்த இரவில் பனியின் மேல் இறகு இறகாக உறைந்து நிற்கும், காலையில் வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அதன்மேல் அடுத்த பனி பெய்து மூடிவிட்டால் அந்த இறகுகள் வாரக்கணக்கில் அப்படியே உள்ளே நிற்கும், மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, சீட்டுக்கட்டு வீடு மாதிரி.

இதை நான் கண்ணால் பார்த்தது பயிற்சியில். இடுப்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டி, அதன் சுவரை மண்வாரியால் வழவழவென்று சீவிவிட்டு, மேலிருந்து கீழாக விரலால் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். அளவுகோல் ஒன்றும் பெரிதாக இல்லை. முஷ்டி உள்ளே போகிறதா, நான்கு விரல் போகிறதா, ஒரு விரல்தானா, பென்சில்தானா, கத்தி மட்டும்தானா என்று பார்ப்பது. மேலே இரண்டு சாண் ஒரு விரல்தான் போகும் கெட்டிப் பனி, அதற்குக் கீழே திடீரென்று (சரி, நானும் இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டேன்) முஷ்டி முழுசாக உள்ளே போனது. அப்புறம் 30 சென்டிமீட்டருக்கு 30 என்று ஒரு தூணை வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எங்கள் தூண் பதின்மூன்றாவது தட்டில், அதாவது முழங்கையின் மூன்றாவது தட்டில், மேல்பாதி அப்படியே மேசை இழுப்பறை மாதிரி வழுக்கி என் மடியில் வந்து விழுந்தது. வெட்டுப்பட்ட இடம் ரம்பத்தால் அறுத்ததுபோல நேராக இருந்தது. எங்கள் பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை, மேலே இருந்த சரிவைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். இந்தக் குழி அந்த இடத்துக் கதையை மட்டும்தான் சொல்லும், முப்பது அடி தள்ளித் தோண்டினால் வேறு கதை வரலாம் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். குழி தோண்டிப் பார்த்துவிட்டோம், பரவாயில்லை என்று போய் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுக்கு மட்டும் போதாது, சாய்வும் வேண்டும். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடத்தில்தான் கிளம்புகின்றன. வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 30, 35 டிகிரி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ரொம்பச் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதே இல்லை, அவ்வப்போது உதிர்ந்துவிடும். ஏறவும் சறுக்கவும் எது சுகமான சாய்வோ அதுதான் கொல்லும் சாய்வும். கைபேசியில்கூடச் சாய்வு அளக்கலாம், அரை நிமிட வேலை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: நீங்கள் நிற்பது சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேலே 35 டிகிரியில் ஒரு சரிவு நின்றால் நீங்கள் அதன் வழியில்தான் நிற்கிறீர்கள். கூடாரம் போடுகிறவர்கள், டீ குடிக்க உட்காருகிறவர்கள் தவறுவது இங்கேதான். கீழே ஓடைப் பள்ளம் இருந்தால் இன்னும் மோசம், சின்னச் சரிவுகூட அங்கே ஆள் உயரத்துக்குக் குவிந்துவிடும்.

இப்போது என் கதை. நாங்கள் ஐந்து பேர். இரண்டு நாள் விடாமல் பனி, கூடவே காற்று. மூன்றாம் நாள் காலையில் துடைத்துவிட்டது மாதிரி நீல வானம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் அபாயம் ஐந்து படியில் நிலை 3 என்று போட்டிருந்தது, வாசித்தோம், வாசித்துவிட்டுக் கிளம்பினோம். எங்களுக்கு முன்னால் யாரோ போன தடம் பளிச்சென்று இருந்தது. தடம் இருக்கிறது, வானம் தெளிவாக இருக்கிறது, இரண்டு நாள் கூடாரத்துக்குள் கிடந்து வெறுத்துப்போயிருக்கிறோம், வேறென்ன வேண்டும்? சரிவின் அடிவாரத்தில் ஒரு தட்டையான மேடு. அதில் நான் கால் வைத்தபோது தரைக்குள்ளிருந்து ‘வூம்ப்’ என்று ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை, ஒரு பெரிய மெத்தையின் மேல் யாரோ விழுந்தது மாதிரி. காலுக்குக் கீழே பனி ஒரு விரற்கடை இறங்கியது தெரிந்தது, என் முன்னாலிருந்து ஒரு விரிசல் கோடு கிழித்ததுபோல முப்பது நாற்பது அடிக்கு ஓடியது. பலவீன அடுக்கு நொறுங்கி, உள்ளே இருந்த காற்று வெளியேறும் சத்தம் அது. இதைவிடத் தெளிவாக மலை பேசாது. அந்த இடம் தட்டையாக இருந்ததால் ஒன்றும் நகரவில்லை. இன்னும் இருபது அடி போயிருந்தால் சாய்வு தொடங்கியிருக்கும்.

திரும்பிவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு குழு அதே சரிவைக் குறுக்கே கடந்து போனது, ஒன்றும் ஆகவில்லை, மாலையில் முகாமில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்கள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டு போயிருப்பார்கள்? ‘நிலை 3 எல்லாம் சும்மா’ என்று. பனி கேட்கும் கேள்விக்குத் தப்பான விடை எழுதினாலும் பல தடவை பாஸ் போட்டுவிடும். இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறவரிடம் இருப்பது இருபது வருட அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. (அந்தச் சத்தத்தைச் சொன்னதும் சிலர் ‘நீங்கள் சத்தம் போட்டீர்களா’ என்று கேட்டார்கள். கத்தினால் பனி சரியும் என்பது சினிமாக் கதை, மனிதக் குரலுக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. உங்கள் பத்திரிகையிலும் ‘கூச்சல் போட்டதால் சரிந்திருக்கலாம்’ என்று ஒரு தடவை படித்த ஞாபகம்.)

அந்த நீல வானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புயல் நின்ற மறுநாள்தான் எல்லோரும் கிளம்புவார்கள், அதுவேதான் ஆபத்து மிகுந்த நாள்களில் ஒன்று. ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் புதுப் பனி விழுந்தாலே எச்சரிக்கை மணி. அதோடு காற்றும் சேர்ந்தால் கணக்கே வேறு. காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக. அப்படிச் சேர்ந்த பனி வழவழப்பாக, தலையணை மாதிரி உப்பி, மிதித்தால் மத்தளம்போல வெற்றுச் சத்தம் தரும். வசந்தகாலத்தில் வேறு வம்பு. காலையில் கல்லாக இருந்த பனி மதிய வெயிலில் ஈரம் குடித்து முழுச் சரிவும் கூழாகிவிடும். அதற்கு மருந்து எளிது, விடியுமுன் ஏறி வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும்.

நிலை 3 விஷயத்துக்கு வருகிறேன். 1993இலிருந்து ஐரோப்பா முழுக்க ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அபாய அளவுகோல், வட அமெரிக்காவிலும் ஐந்து படிதான். நாம் மார்க் போட்டே வளர்ந்தவர்கள், ஐந்துக்கு மூன்று என்றால் நடுவாந்தரம், சமாளிக்கலாம் என்று மனசு தானாகச் சொல்லிவிடும். அப்படி இல்லை. 3 என்றால் பல சரிவுகளில் ஒரே ஓர் ஆளின் பாரமே பலகையை உடைக்கப் போதும் என்று பொருள். ஒவ்வொரு படிக்கும் ஆபத்து ஒன்று ஒன்றாகக் கூடுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழ பாதி நிலை 3 நாள்களில்தான் நடக்கின்றன. 5 அன்று யாரும் வெளியே போவதில்லை, 3 அன்று எல்லோரும் போகிறார்கள், காரணம் அவ்வளவுதான். இந்த எண்ணை நீங்கள் செய்தியில் போட்டு ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. வெயில் எத்தனை டிகிரி என்று தினமும் போடுகிறீர்கள்.

அடுத்தது ‘மீட்புப் பணி தீவிரம்’. படிக்கும்போது ஹெலிகாப்டர் வந்தால் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றும். முழுசாகப் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள், 35 நிமிடம் ஆகும்போது அது மூன்றில் ஒருவராகச் சரிந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் மூச்சுத் திணறித்தான் சாகிறார்கள். ஓடும்போது மாவு மாதிரி இருக்கும் பனி நின்ற மறுகணம் இறுகிவிடும், விரலை அசைக்க முடியாது. எச்சில் துப்பி எது மேல் எது கீழ் என்று பாருங்கள் என்றெல்லாம் அறிவுரை சொல்வார்கள். தெரிந்து என்ன செய்ய, கை அசைந்தால்தானே! ஆக, காப்பாற்றக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகள் மட்டும்தான். அவர்களிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பவும் தேடவும் செய்யும் பீக்கன் கருவி, குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, உலோக மண்வாரி. மூன்றும் ஒவ்வொருவரிடமும்.

இருந்தாலும் போதாது, பழகியிருக்க வேண்டும். பயிற்சியில் ஒரு பைக்குள் பீக்கனை வைத்து மூன்றடி ஆழத்தில் புதைத்துவிட்டு எங்களைத் தேடச் சொன்னார்கள். மூன்று பேர். கருவி காட்டிய திசையில் போய் இடத்தைச் சுருக்க நாலு நிமிடம், கம்பி குத்தி அது ‘தொப்’ என்று பையில் படுவதற்கு இன்னும் ஒன்றரை நிமிடம், நல்லாத்தான் போகிறது என்று நினைத்தோம். தோண்ட எட்டு நிமிடம். மூச்சு வாங்கி, ஒருவர் அள்ளிப் போட்ட பனியை இன்னொருவர் மறுபடி அள்ளிக்கொண்டு, குழியின் மேலேயே நின்று மிதித்துக்கொண்டு. அது மென்மையாக மூடிவைத்த பனி, உண்மையான சரிவில் இறுகிய பனி இல்லை. உள்ளே இருந்தது பை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் படைப்பிரிவு வீரர்கள் பத்துப் பேர் புதைந்ததும், ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிருடன் எடுக்கப்பட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ‘அதிசயம்’ என்று எழுதினோம். சில நாளில் அவரும் போய்விட்டார். அந்த ஒரு நிகழ்ச்சியை வைத்து ஆறு நாள் தாங்கலாம் என்று நம்புகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் நிமிடக் கணக்கைப் பத்திரிகையில் போடுங்கள் என்கிறேன்.

அனுபவசாலிகள் கூட இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழு ஒன்றை பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனது. 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் அதே வருடம் எவரெஸ்ட் ஏறிய பயிற்சியாளரும் ஒருவர். அங்கே என்ன தவறு, தவறு உண்டா என்பதெல்லாம் எனக்குச் சொல்லத் தகுதியில்லை. இயன் மக்கேமன் என்ற அமெரிக்கர் 715 விபத்துகளை எடுத்து ஆராய்ந்து சொன்னது இதுதான்: பழகிய சரிவு, முன்னால் போன தடம், எப்படியாவது உச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்ற வைராக்கியம், குழுவில் ஒருவர் மேல் வைத்த கண்மூடித்தனமான நம்பிக்கை, இவைதான் கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகளையும் மறைத்துவிடுகின்றன. என் கதையில் இவற்றில் மூன்று இருந்தன, எண்ணிப் பார்த்தேன்.

மலையடிவாரத்தில் வேலை பார்க்கிறவர்கள் கதை வேறு, அவர்கள் யாரும் சரிவை மிதிக்கவில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே சாலைப் பணியாளர் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது, 46 பேர் மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். ஆனால் அந்தப் பகுதிக்கு முந்தின நாளே பனிச்சரிவு எச்சரிக்கை வந்திருந்தது. ‘திடீர்’ அங்கேயும் பொருந்தவில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, எச்சரிக்கை வந்த பிறகும் ஆட்கள் ஏன் அந்த இடத்தில் தூங்கினார்கள் என்பது. இயற்கையின் தாண்டவம் என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் உங்கள் நிருபர் மீட்புக் குழுவிடம் நாலைந்து விஷயம் கேட்கட்டும். அதற்கு முந்தின மூன்று நாளில் எவ்வளவு பனி, காற்று எந்தப் பக்கமிருந்து? அன்றைய எச்சரிக்கை நிலை என்ன, யாராவது அதைப் பார்த்தார்களா? சரிவு எத்தனை டிகிரி, எந்தத் திசை பார்த்தது? தானாக விழுந்ததா, யாராவது கடக்கும்போதா? எத்தனை நிமிடத்தில், யார் எடுத்தார்கள்? பத்து வரி கூடும், அவ்வளவுதான், மலைக்குப் போகும் எவரும் அந்தப் பத்து வரியை வெட்டி வைத்துக்கொள்வார்கள். பதில் கிடைக்காவிட்டால் ‘விவரம் தெரியவில்லை’ என்றே போடுங்கள். அந்த இடத்தில் ‘திடீர்’ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்